பரண் சீட்டு

ஜனவரி 5, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் குழந்தைச் சாமான் கடையில் கொடுத்த டைரி இது. அட்டையில் ஒரு குழந்தை வாயில் விரல் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. முதலாளி ஜெபக்கனி அக்கா வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சிய ஒன்றை என்னிடம் நீட்டி, "வாயால பேசாததை இதுலயாவது பேசு, பேச்சி" என்றார். என் பெயர் பேச்சியம்மாள். வயது பதினேழு. பெயரைக் கேட்டதும் எல்லாரும் இந்த ஒரே கேலியைத்தான் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் செய்கிறார்கள்.

பத்தாவது காலாண்டுப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அது ஏன் என்று எழுதினால் மதினியைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

மதினி உண்டாகி ஐந்து மாதம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை என்றால் அண்ணன் எனக்குப் பரோட்டா வாங்கி வருவான், சால்னாவைத் தனிப் பையில் கட்டி. நேற்று மாதுளம்பழம் வாங்கி வந்தான். மதினி உரித்து எனக்கும் ஒரு கை கொடுத்தாள். எனக்கு மாதுளம்பழம் பிடிக்காது என்று நேற்று முடிவு செய்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மதினி போனில் வீடியோ பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வெளிநாட்டில் ஒருத்தி குழந்தையை நெஞ்சோடு ஒரு பையில் கட்டிக்கொண்டு காய் நறுக்குகிறாள். இன்னொருத்தி மூன்று சக்கர வண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுகிறாள்.

"அத்தை, இதுக்குப் பேரு கங்காரு பை. நம்மளும் ஒண்ணு வாங்குவமா?"

அம்மா பீடித்தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன், நீ கங்காருவா? பிள்ளை பொறக்குற வரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு நூலு வரப்பிடாது. சொல்லிட்டேன்."

அண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். "வீட்டுக்குத்தான வரப்பிடாது? பேச்சி கடையில பாத்து வச்சிருவோம். சீட்டு போட்டுப் பரண்ல வப்பாவல்லா."

கடையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிறப்பதற்கு முன் சாமான் வாங்கப் பயப்படுகிறவர்கள் வந்து தேர்வு மட்டும் செய்துவிட்டுப் போவார்கள். ஒரு சீட்டில் பெயரும் பிறக்கும் மாதமும் எழுதி, நூலில் கட்டி, சாமானைப் பரணில் ஏற்றிவிடுவோம். பிறந்ததும் "பொறந்தாச்சு" என்று கடைக்கு ஒரு போன் வரும். சாமானை இறக்கிக் கொடுத்துவிட்டு, சீட்டைக் கல்லாவுக்குப் பக்கத்திலுள்ள கம்பியில் அக்கா குத்திவிடுவார். மாதம் கடந்து இன்னும் இரண்டு மாதமாகியும் போன் வராவிட்டால் நாங்கள் கூப்பிட்டுக் கேட்கக்கூடாது. அக்கா தானே சீட்டை அவிழ்த்து, தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கம்பியில் குத்துவார். சாமானை ஒரு நாள் மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு மறுபடி அலமாரியில் அடுக்குவோம். அன்றைக்குக் கடையில் ரேடியோ கிடையாது.

ஜனவரி 18, சனி

வந்தார்கள். காலையில் அண்ணனின் லோடு ஆட்டோவில் முன்சீட்டில் மதினி உட்கார்ந்தாள். அது என் சீட்டு. நான் பின்னால் வாழைத்தார்களுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்தேன். பாவாடையில் கறை.

அண்ணன் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்று போன் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தான். போனை அவன் தலைகீழாகப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "இது ஸ்பிரிங் தொட்டில். ஆட்டாமயே ஆடும். ஆனா புள்ள பழகிட்டா அப்புறம் தரையில படுக்க மாட்டா, மகாராணி. இது கொசுவலை மெத்தை, குடை மாதிரி மடக்கலாம். உங்க வீட்டுல யாரு எங்கன படுப்பிய?"

இரண்டே அறை, நாலு பேர் என்று மதினி சொன்னாள். அப்படியானால் மெத்தைதான் என்றார் அக்கா. மதினி மஞ்சள் மெத்தையைத் தொட்டாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "மஞ்சள் வேண்டாம்க்கா." நீலம் எடுத்தாள். கங்காரு பை ஒன்று. கடைசியாகத் தள்ளுவண்டி.

ஆறு வண்டி இருந்தன. அவள் பச்சை வண்டியைத் தொட்டாள்.

அந்தப் பச்சை வண்டியை நான் தினமும் காலையில் துடைப்பேன். யாரும் இல்லாதபோது அலமாரிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு தடவை தள்ளுவேன். சத்தமே போடாது. உள்ளே யாரும் இருப்பதாக நினைத்துக்கொள்வதில்லை. சும்மா தள்ளப் பிடிக்கும்.

"பேச்சி, நீ சொல்லு. இது நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் வீடு முடுக்குக்குள் இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் அடிபம்பு வேறு. பச்சை வண்டி அந்த முடுக்கில் நுழையவே நுழையாது. எனக்கு அகலம் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் அது பொய்யாகாது.

அக்கா சீட்டு எழுதினார். சங்கரகோமதி, சித்திரை. வீட்டில் யாரும் மதினியை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்காவும் அவளிடம் பெயர் கேட்கவில்லை. நான் எப்போதாவது சொல்லியிருப்பேன்போல. ஆனால் நான்தான் பேசுவதே இல்லையே.

ஜனவரி 19, ஞாயிறு

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. பாவாடைக் கறை போகவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

வளைகாப்பு. மதினியின் சித்தி சங்கரன்கோவிலிலிருந்து ஏழு தட்டு கொண்டு வந்தாள். எலுமிச்சைச் சாதம் எனக்குப் பிடித்தது. நான் ஒரு விஷயத்தை எதிர்பார்த்திருந்தேன். வளைகாப்பு முடிந்தால் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். ஐந்து மாதமாவது அண்ணனும் அம்மாவும் நானும் மட்டும். முன்சீட்டு. பரோட்டா.

சித்தி கூப்பிட்டதும் மதினி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நா அங்கன வரல. இங்கயே இருந்துக்கிடுதேன்." கூட்டத்துக்கு நடுவில், வளையல் கையோடு. எவ்வளவு தைரியம். சித்தி கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, உன் மனசு" என்று மட்டும் சொன்னாள். அம்மாவும் தலையாட்டினாள்.

அவள் என்ன செய்தாலும் சரிதான்.

இப்போது எழுதிவிடுகிறேன். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் ஆடிக்குச் சங்கரன்கோவில் போனாள். அங்கே மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அவளுக்கு அம்மா கிடையாது. அதனால் எங்கள் அம்மா போய் இரண்டு மாதம் கூட இருந்தாள். அண்ணனுக்குச் சமையலும் அம்மாவின் பீடிக்கணக்கும் என் தலையில் விழுந்தன. பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நாள் போகவில்லை. காலாண்டில் கணக்கில் பதினொன்று. அதற்குப் பிறகு போக வெட்கமாக இருந்தது. மதினி கார்த்திகையில் மெலிந்து திரும்பி வந்தாள். அவள் பி.எஸ்ஸி. நான் மளிகை லிஸ்ட் எழுதினால் எழுத்துப்பிழை திருத்துவாள்.

மார்ச் 2, ஞாயிறு

பிள்ளை வந்ததும் யார் எங்கே படுப்பது என்று இன்று பேசினார்கள். உள்ளறையில் மதினி, பிள்ளை, அம்மா. முன்னறையில் அண்ணன்.

"நான்?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே ஆச்சரியம்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "ஏட்டி, கொஞ்ச நாளைக்கு அடுத்த தெருவுல பெரியம்மை வீட்டுல படுத்துக்கோயேன். காலையில வந்துரலாம்லா."

"அவ ஏன் போணும்? பேச்சி என் பக்கத்துல படுக்கட்டும்" என்றாள் மதினி.

அவள் எனக்காகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டில் எனக்கு இடம் கொடுக்க இவள் யார்? "நா பெரியம்மை வீட்டுக்கே போறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். குடம் ஏற்கனவே நிறைந்திருந்தது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். அக்கா கோயிலுக்குப் போய்விட்டார். கடையில் நான் மட்டும்.

பதினொரு மணிக்கு ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்தார். வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு விமானம். மடக்குகிற வண்டி வேண்டும், இன்றைக்கே வேண்டும். இருந்த ஐந்தையும் காட்டினேன். எதுவும் பிடிக்கவில்லை. போகும்போது அண்ணாந்து பரணைப் பார்த்தார். "அந்தப் பச்சை?"

"அது சீட்டு போட்டது" என்று சொல்ல வேண்டும். தினமும் சொல்கிற வார்த்தைதான்.

"எடுத்துத் தாரேன். ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு. சக்கரம் சத்தம் போடாது" என்றேன். ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

ஏணியில் ஏறி வண்டியை இறக்கினேன். நூலை அவிழ்த்தேன். பில் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா போன பிறகு சீட்டு என் கையில் இருந்தது. கல்லாக் கம்பியில் குத்தினால் பிறந்துவிட்டதாக ஆகும். கிழித்துப்போடக் கை வரவில்லை. யாரும் பார்க்காத இடம் ஒன்றுதான் உண்டு. தையல் மெஷினுக்குப் பின்னால் போய், சீட்டைக் கம்பியில் வைத்து அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் அது என்ன கம்பி என்று உறைத்தது.

எடுக்கப் போனேன். வேகத்தில் கீழேயிருந்த சீட்டுகளும் சேர்ந்து மேலே வந்தன. பழைய சீட்டுகள் மஞ்சளாகியிருந்தன. அவற்றில் ஒன்றில், ஜெபக்கனி அக்காவின் அதே சாய்ந்த எழுத்தில்:

சங்கரகோமதி, கார்த்திகை. மஞ்சள் மெத்தை.

மார்ச் 6, வியாழன்

கடைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்தேன். மதினி உள்ளே தூங்கினாள்.

"எம்மா, மதினிக்கு மஞ்சள் காமாலைதான வந்துச்சு?"

அம்மாவின் விரல்கள் நின்றன. நான் பிறந்ததிலிருந்து அவை நின்று பார்த்ததில்லை. பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, அழுதுகொண்டேகூடச் சுற்றுவாள்.

"அது எதுக்கு இப்ப?"

"சும்மாத்தான்."

"ஆறு மாசத்துல போயிட்டு" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சின்னப்பிள்ளைன்னு சொல்லல. வாய விட்டுராத" என்றாள். என்னிடம் போய் அதைச் சொல்கிறாள்.

பிறகு இருமிக்கொண்டே அடுத்த இலையை எடுத்தாள்.

நான் சித்திரைச் சீட்டைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தாலும் ஓட்டை இருக்கும். எங்கள் கடையில் அந்தக் கம்பிக்குப் போன சீட்டு எதுவும் திரும்பி வந்ததில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று இங்கே எழுதலாம். வண்டியை விற்றது வேண்டுமென்றுதான்.

மார்ச் 17, திங்கள்

இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. காலை பத்தரைக்கு மதினி அடுப்படியில் நின்றபடியே "பேச்சி" என்றாள். காலடியில் தண்ணீர். முதலில் குடம்தான் சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா பீடிக்கடைக்குப் போயிருந்தாள். நான் இதுவரை யாருக்கும் போன் போட்டதில்லை, வந்தால் எடுப்பதோடு சரி. அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, வா" என்று நான் கத்தியது அடிபம்பு வரைக்கும் கேட்டதாம். மதினியை முடுக்கு வழியாகத் தாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு பேர் சேர்ந்து நடக்க அது போதவில்லை. நான் பக்கவாட்டில் நடந்தேன், முதுகு சுவரில் உரச. அவள் என் தோளை நகத்தால் பிடித்திருந்தாள். "இந்தத் தடவையும் போயிருமா, பேச்சி?" என்றாள். நான் "எந்தத் தடவை" என்று கேட்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

அவள் முன்சீட்டில் ஏறினாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெண். ஒரு கிலோ எழுநூறு கிராம். மதினிக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதால் ஆபரேஷன் செய்து வேறு வார்டில் வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போன் போடட்டுமா என்று அண்ணன் கேட்டான். அம்மா வேண்டாம் என்றாள். "பொழச்சு வரட்டும்."

மார்ச் 21, வெள்ளி

பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா வந்து, "சின்னப் புள்ளைக்கு மெஷின் சூட்டைவிட மனுச சூடு நல்லது. கங்காரு மாதிரி நெஞ்சோட கட்டிக்கிடணும். அம்மாவால இப்ப முடியாது. யாரு வாரிய?" என்று கேட்டார்.

கங்காரு என்றதும் அம்மா என்னைப் பார்த்தாள். சிரிக்கும் நேரமில்லை. அவள் எழுந்தாள், உடனே இருமல் வந்தது.

"இருமல் இருந்தா கூடாது. ஆம்பளைய இந்த வார்டுக்குள்ள வரப்பிடாது. இந்தப் பிள்ள யாரு?"

யாரோ பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எல்லாரும் நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

"அத்தை" என்றேன். அந்தச் சொல்லை எனக்காக நான் சொன்னது இதுதான் முதல்முறை.

குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். முன்பக்கம் திறக்கும் சட்டை கொடுத்தார்கள். பிள்ளையை என் நெஞ்சில் தவளை மாதிரி ஒட்டவைத்து ஒரு துணியால் கட்டினார்கள். கடையில் பன்னிரண்டு வகைப் பை இருக்கிறது. இது ஒரு பழைய பருத்தித் துணி, ஆஸ்பத்திரி முத்திரை போட்டது. அவள் மூச்சு என் கழுத்துக்குழியில் வந்து வந்து போயிற்று. சில சமயம் வரத் தாமதமாகும். அப்போது நானும் விடமாட்டேன்.

மார்ச் 24, திங்கள்

காலை எட்டு முதல் பன்னிரண்டு. மதியம் இரண்டு முதல் ஆறு. முப்பத்தைந்து கிராம் கூடியிருக்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி

மதினியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துணியை அவிழ்த்துப் பிள்ளையை அவள் நெஞ்சில் வைத்தார் நர்ஸம்மா. பிள்ளை நெளிந்தது. வீறிட்டது. இருபது நிமிஷம் தட்டிக்கொடுத்தும் அடங்கவில்லை. தையல் வலியில் மதினியின் முகம் வெளுத்துப்போயிற்று.

"கொஞ்சம் அத்தைக்காரிகிட்ட குடுங்க" என்றார் நர்ஸம்மா.

என்னிடம் வந்ததும் தூங்கிவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதினியின் முகத்தைப் பார்த்த பிறகும் இருந்தது. அதை எழுதாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

மதியம். வார்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிள்ளை என் நெஞ்சில். மதினி பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள்.

சாதாரணமாகச் சொன்னாள். பசிக்கிறது என்பதுபோல. நான் மூன்று மாதமாக இந்த டைரியில் சுற்றிச் சுற்றி நடந்த சொல். அதை இப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது.

"எனக்கும்தான்" என்றேன்.

"உனக்கென்ன? புள்ள உன்கிட்டதான இருக்கு."

"இதுக்கு முன்னாடி."

அவள் காத்திருந்தாள். பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்று மெதுவாகப் பேச வேண்டியிருந்தது, அதனால் பேச முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வண்டி, தோஹா அம்மா, நூல், பின்கம்பி. கார்த்திகைச் சீட்டைப் பார்த்ததையும் சொன்னேன். திட்டுவாள், இல்லாவிட்டால் அண்ணனைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். துணியை அவிழ்த்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். என் கை தானாக முடிச்சின்மேல் போயிற்று.

"அந்தச் சீட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"சித்திரையா?"

"கார்த்திகை."

"இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆஸ்பத்திரி காகிதத்தையெல்லாம் சித்தி எரிச்சிட்டா. வீட்டுல யாரும் பேச மாட்டாவ. உங்கண்ணன் அந்த மாசத்தையே சொல்ல மாட்டான். அப்படி ஒண்ணு இருந்துச்சான்னு எனக்கே சில நாள் சந்தேகம் வரும். எனக்கு அத எடுத்துத் தாரியா?"

"சரி."

"வண்டிய வித்தது தப்புதான்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "கொறஞ்சது நல்ல விலைக்காவது வித்தியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பிள்ளை குலுங்கும். அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

பிள்ளை இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இன்று கடைக்குப் போனேன்.

"பொறந்தாச்சுக்கா" என்றேன், கல்லாவுக்கு முன்னால் நின்று, வாடிக்கையாளர் மாதிரி.

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "பேரு?"

"சங்கரகோமதி."

"ஸ்தோத்திரம்" என்று ஏணியை எடுக்கப் போனார்.

"வண்டி இல்லக்கா. நான் வித்துட்டேன்."

"தெரியும். பில்லு போட்டிருக்கியே, நா என்ன குருடா? நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன், ஒரு மாசமாச்சு. இந்த மாசம் பரண் வேலை பூராவும் நீதான், ஒத்த ஆளா." குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. "சீட்டு எங்க?"

பின்கம்பியைக் காட்டினேன். அக்கா மெஷினை நகர்த்தி வழி விட்டார்.

"கீழ இன்னொண்ணும் வேணும்க்கா. கார்த்திகைச் சீட்டு. மதினி கேட்டாவ."

சித்திரைச் சீட்டு மேலேயே இருந்தது, உடனே வந்துவிட்டது. கார்த்திகைச் சீட்டுக்கு அதற்கு மேலே இருப்பதையெல்லாம் உருவ வேண்டும். ஒவ்வொன்றாக உருவி, வரிசை மாறாமல் மெஷின்மேல் அடுக்கினோம். முப்பத்தொரு சீட்டு. ஆனி, புரட்டாசி, மாசி. வெள்ளைத் தொட்டில். யானைப் பொம்மை. இரட்டை மெத்தை. அக்கா எதையும் படிக்கவில்லை. அவருக்குத் தெரியும். நான் எல்லாவற்றையும் படித்தேன். கார்த்திகையை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறுபடி அதே வரிசையில் ஏற்றினோம், பழைய ஓட்டை வழியாகவே.

"வண்டிக்குப் பதிலா நீல வண்டி எடுத்துக்க."

"வேண்டாம்க்கா. எங்க முடுக்குல வண்டி போகாது."

"அது அன்னைக்கே தெரியாதா உனக்கு?"

"தெரியும்" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீடு. அண்ணன் என் பாயை முன்னறையில் விரித்தான், மதினி அதை இழுத்து உள்ளறையில் போட்டாள், அம்மா இருவரையும் திட்டினாள். கடைசியில் உள்ளறையில் மதினி, கொசுவலை மெத்தை, நான். இருமல் தீரும்வரை அம்மா முன்னறையில். அண்ணன் ஆட்டோவில் படுத்துக்கொள்கிறானாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

சீட்டுகளைக் கொடுத்தேன். சித்திரையை மெத்தையின் ஓரத்தில் நூலால் கட்டினாள். கார்த்திகையை நீண்ட நேரம் கையில் வைத்திருந்தாள். ஓட்டையை விரலால் தடவினாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இத உன் டைரியில வச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா நா தெனமும் எடுத்துப் பாப்பேன். கேக்கும்போது மட்டும் தா."

"டைரி எழுதுறது உங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்சீங்களா?"

"அட்டைய மட்டும். பேச்சியம்மாள்ல ஒரு புள்ளி விட்டிருக்க."

உண்மைதான். இப்போது வைத்துவிட்டேன். சீட்டு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலும் இன்னும் ஒரு மாதம் நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். முறை பிரித்துக்கொண்டோம். காலை எனக்கு, மதியம் மதினிக்கு. காலையில் அவளுக்குப் பொறாமையாக இருக்கும். மதியம் எனக்கு.